பழைய பெட்ரோல் கார எத்தனாலுக்கு மாத்தணுமா? மொதல்ல ரப்பரப் பாருங்க

எத்தனாலுக்கு மாத்துறதுன்னு பேச்ச எடுத்தாலே எல்லாரும் எஞ்சினப் பத்தித்தான் கவலப்படுறாங்க, பிஸ்டன் தேஞ்சிடுமா வால்வு கருகிடுமான்னு. எத்தனால்ங்கிறது சாராயம்தான், எஞ்சினுக்கு அது நல்லாவே ஒத்துக்கும்ங்க. பழைய சாதா பெட்ரோலுக்கு ஆக்டேன் 91-ன்னா சுத்தமான எத்தனாலுக்கு 108 கிட்ட வருது, இந்த நம்பர் கூடக்கூட நாக்கிங், அதாவது எரிபொருள் நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு எஞ்சின் டக்டக்குங்கிறது, கம்மியாகும். ஒத்துக்காதது டேங்க்லேர்ந்து எஞ்சின் வாய் வரைக்கும் வழியில இருக்கிற ஹோஸ், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), டயஃப்ரம் (ரப்பர் சவ்வு), பம்ப்பு இதுங்களுக்குத்தான். அதுக்கு அடுத்தது எவ்வளவு ஊத்தணும்ங்கிற கணக்கு. வழிய சரி பண்ணிட்டு அப்புறம் அளவ மாத்தணும், இந்த வரிசைதான் முக்கியம், ஆனா பாதிப்பேரு ஆன்லைன்ல எரிபொருள் அளவக் கூட்டுற ஒரு பெட்டி வாங்கி, எஞ்சினுக்கு எரிபொருளப் பீச்சுற இன்ஜெக்டர்ல சொருகிட்டு மாத்தியாச்சுன்னு கிளம்பிடுறாங்க, ஆறு மாசம் கழிச்சு பானெட்டுக்குள்ள பெட்ரோல் நாத்தம்னு வந்து நிக்கிறாங்க.

எங்கிட்ட இருக்கிறது 2006 மாடல் சின்ன கார், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, சென்னையில ஓடுது. ஒருநாள் காலைல போர்ட்டிகோவுல லேசா நாத்தம், கீழ சொட்டு எதுவும் இல்ல. மெக்கானிக் அண்ணன் பானெட்டத் திறந்து ஃபில்டர்கிட்ட இருந்த ஹோஸ ரெண்டு விரலால நசுக்குனாரு, விரல்ல கருப்பு அப்படியே ஒட்டிக்கிச்சு, கிளாம்ப்புக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் உப்பி வழிஞ்சு இருந்துச்சு. "தம்பி, இது ஹோஸ் இல்ல, கம்மர்கட்டு"ன்னாரு. அத்தன வருஷத்து ஹோஸ், வயசுக்கும் பாதி பங்கு உண்டு, எல்லாப் பழியையும் எத்தனால் மேலயே போட முடியாது. ஆனா அன்னைக்குத்தான் இந்த வேலைய எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு எனக்குப் புரிஞ்சுது.

சரி, எந்த அளவுக்கு மாத்தப் போறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. ஈ20-ன்னா நூத்துக்கு இருபது எத்தனால், இப்ப நம்ம ஊர் பங்க்ல சாதாவா போடுறதே இதுதான், நீங்க கேட்டாலும் கேக்காட்டியும். 2023 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க, 2025-ல நாடு பூரா வந்துடுச்சு. 2023 ஏப்ரல்லேர்ந்து வர்ற புது வண்டிங்க இதுக்குத் தோதான ரப்பரோட வருது, அதுக்கு முந்தின வண்டிதான் நம்ம பிரச்சன. அடுத்தது ஈ85, அப்படி போர்டு போட்ட பங்க் எதையும் நம்ம ஊர்ல நான் பாத்ததில்ல, பிரான்ஸ்லயும் அமெரிக்காவுலயும் நிறைய உண்டு. அப்புறம் ஈ100. 2024 மார்ச்ல அஞ்சு மாநிலத்துல 183 பங்க்ல கொண்டுவந்தாங்க, தமிழ்நாடும் அதுல இருக்கு. ஆனா நீங்க போற வழியில பங்க் இருக்கான்னு பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க, ஒரே ஒரு பங்க்க நம்பி கார மாத்துனா திருச்சி தாண்டுனதும் நடுரோட்டுல நிக்கணும்.

நம்ம டேங்க்ல இப்ப என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, பெரிய செலவு இல்ல. 100 மில்லி கண்ணாடி மெஷரிங் சிலிண்டர் ஒண்ணு வாங்கிக்குங்க. 10 மில்லி கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி, ஒரு சொட்டு பேனா இங்க் விடுங்க, அப்புறம் 100 வர்ற வரைக்கும் பெட்ரோல். வாய மூடி நல்லா குலுக்கி, மூடிய ஒரு தடவ திறந்து காத்த விட்டுட்டு, பத்து நிமிஷம் நிக்க விடுங்க. எத்தனாலுக்கு பெட்ரோலவிட தண்ணி மேலதான் பாசம் ஜாஸ்தி, அது பெட்ரோல விட்டுட்டு கீழ தண்ணியோட போய் சேந்துக்கும், நீல கலர் அடுக்கு மேல ஏறி நிக்கும். கோடு 28-ல நின்னா 18 மில்லி ஏறியிருக்கு, 90-ல 18-ன்னா 20 சதவீதம். நான் மொட்டமாடியில வச்சு பாத்தப்ப கரெக்டா 28-க்கு ஒரு நூல் கீழ நின்னுச்சு. வெளிச்சமான திறந்த இடத்துல பண்ணுங்க, சமையல்கட்டுல வேணாம், டெஸ்ட் பண்ண பெட்ரோல திரும்ப டேங்க்ல ஊத்திடாதீங்க, அதுல தண்ணி இருக்கு.

சட்டத்தப் பத்தி ஒரு வார்த்த. ஹோஸ் மாத்துறது ஃபில்டர் மாத்துறது எல்லாம் ரிப்பேர் கணக்கு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா வண்டியோட எரிபொருளயே மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல வர்ற சமாச்சாரம், ஆர்.சி-ல ஒண்ணு இருக்க வண்டியில வேற ஒண்ணு இருக்கக்கூடாது. கேஸ் கிட்டுக்கு அங்கீகாரம் வாங்குன கிட்டு, ஆர்.சி-ல பதிவுன்னு ஒரு வழி இருக்குல்ல, அந்த மாதிரி உங்க வண்டிக்கு வழி இருக்கான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் கைய வைங்க, இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க. பாரிஸ் பக்கம் இருக்கிற நம்மாளுங்களுக்கு இது சுலபம், அங்க 2017 கடைசியிலேயே ஈ85 பெட்டிக்கு முறையா விதி கொண்டுவந்துட்டாங்க, அங்கீகாரம் உள்ள பெட்டிய அங்கீகாரம் உள்ள ஆள் மாட்டணும், அப்புறம் வண்டி புக்குல எரிபொருள மாத்தி எழுதிக்கணும். இன்னொண்ணு, வீட்லயே காச்சி ஊத்திக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா காது குடுக்காதீங்க, நம்ம மாநிலத்துல மதுவிலக்குச் சட்டம் 1937-லேர்ந்து இருக்கு, காருக்குத்தான் காச்சுனேன்னு சொன்னா ஸ்டேஷன்ல சிரிப்பாங்க. கொரோனா சமயத்துல வாங்கி வச்ச சானிடைசர், ஆஸ்பத்திரி ஸ்பிரிட், பெயிண்ட் தின்னர் இதெல்லாம் டேங்க் பக்கமே போகக்கூடாது. முதல் ரெண்டுல தண்ணி, தின்னர்ல என்ன இருக்குன்னு அந்த டப்பாவுக்கே தெரியாது, மெத்தனால் இருந்துச்சுன்னா அலுமினியத்தையும் ரப்பரையும் இன்னும் வேகமா தின்னும்.

இப்ப வேலைக்கு வருவோம். பேட்டரி மைனஸ் கழட்டுறதுக்கு முந்தி ஃபியூல் பம்ப் ஃபியூஸப் பிடுங்கிட்டு எஞ்சின ஸ்டார்ட் பண்ணி தானா ஆஃப் ஆகுற வரைக்கும் விடுங்க, அப்பத்தான் லைன்ல பிரஷர் இறங்கும், இல்லன்னா ஹோஸக் கழட்டுனதும் மூஞ்சில அடிக்கும். அப்புறம் பேட்டரியக் கழட்டுங்க. பக்கத்துல தீயணைப்பான் ஒண்ணு இருக்கட்டும். எத்தனால் தனியா எரிஞ்சா வெயில்ல தீ கண்ணுக்கே சரியா தெரியாது, நீலமா மங்கலாத்தான் இருக்கும், கை சுட்டாத்தான் தெரியும்.

டேங்க்லேர்ந்து ஆரம்பிங்க. பிளாஸ்டிக் டேங்க்னா கவலையில்ல. தகர டேங்க்னா பெட்ரோல வடிச்சிட்டு சீல் பண்ண டார்ச் லைட்டால உள்ள பாருங்க, பல்பு வயர் எதையும் உள்ள விடாதீங்க. துரு இருந்தா இறக்கி சுத்தம் பண்ணணும், ஏன்னா எத்தனால் நல்ல சால்வன்ட், இத்தன வருஷமா டேங்க் சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்த கசடையெல்லாம் கரைச்சு கொண்டுவந்து ஃபில்டர்ல சேத்துடும். அதனால மொத ரெண்டு மூணு டேங்க்குக்கு அப்புறம் ஃபில்டர் மாத்துறது கட்டாயம், டிக்கியில ஒரு புது ஃபில்டர வச்சுக்குங்க. எனக்கு ஈசிஆர் ரோட்டுல வண்டி இழுக்காம திணறுனது பம்ப்பாலன்னு நெனச்சேன், கழட்டிப் பாத்தா ஃபில்டர்லேர்ந்து கொட்டுன பெட்ரோல் டீ டிகாஷன் மாதிரி இருந்துச்சு.

ஹோஸ் வாங்கும்போது மேல அச்சடிச்சிருக்கிறதப் படிங்க. சாதா ஹோஸ்ல எஸ்ஏஇ 30ஆர்7-ன்னு இருக்கும், நமக்கு வேண்டியது 30ஆர்9, அதுக்கு உள்பக்கம் எத்தனாலத் தாங்குற வைட்டான்ங்கிற ரப்பர் லைனிங் இருக்கும். டேங்க்குக்குள்ள பம்ப்போட முங்கியே கிடக்கிற சின்னத் துண்டு ஹோஸுக்கு 30ஆர்10-னு தனியா இருக்கு, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது, வெளிய போடுற ஹோஸ வெட்டி உள்ள போட்டுடுறாங்க, அது வெளித்தோல் ஊறி உப்பிடும். சென்னையில ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜிபி ரோடு, புதுப்பேட்டைன்னு அலைஞ்சா கிடைக்கும், ஆனா ஹோஸையும் ஓ-ரிங்கையும் மட்டும் பழசுல வாங்காதீங்க, கடைக்காரர் எவ்வளவு சத்தியம் பண்ணாலும் சரி. இன்ஜெக்டர் ஓ-ரிங், பிரஷர் ரெகுலேட்டர், பம்ப்புக்கு மேல வர்ற பெரிய வாசர் எல்லாத்தையும் வைட்டான்ல மாத்துங்க. கார்க் வாசர் எங்க இருந்தாலும் தூக்கிடுங்க. நடுவுல பித்தளை ஜாயிண்ட், துத்தநாகம் பூசுன பைப் எதுனா இருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்ல நைலானுக்குப் போங்க. எத்தனால்ல கரண்ட் பாயும், பெட்ரோல்ல பாயாது, அதனால ரெண்டு வேற வேற உலோகம் பக்கத்துல பக்கத்துல இருந்தா பேட்டரி மாதிரி ஒண்ண ஒண்ணு அரிக்கும். டேங்க் மிதவையோட காண்டாக்ட்டும் இப்படித்தான் போகும், முள்ளு பாதி டேங்க் காட்டும், வண்டி நின்னுடும்.

ஈ20-க்கு மட்டும் தயார் பண்றவங்களுக்கு இதோட முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. மீதி கால்வாசிக்கு வண்டி கம்ப்யூட்டர் சொல்றதப் படிக்கிற ஒரு ஓபிடி ஸ்கேனர் போதும், ஃபோன்ல புளூடூத்ல பாக்குற குட்டி டாங்கிள். அதுல லாங் டேர்ம் ஃபியூல் டிரிம்னு ஒரு நம்பர் வரும், ஈசிஎம், அதாவது எஞ்சினோட கம்ப்யூட்டர், தன்னோட பழைய கணக்குக்கு மேல எவ்வளவு சதவீதம் கூட ஊத்துதுன்னு காட்டுறது அதுதான். சும்மா பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும், ஈ20-க்கு 13.5 கிட்ட, ஈ85-க்கு 9.8, சுத்த எத்தனாலுக்கு 9. எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்குறதால காத்து கம்மியா போதும், அதே காத்துக்கு எரிபொருள் ஜாஸ்தி வேணும். என் கார்ல டிரிம் முன்ன பிளஸ் 2, ஈ20 முழு டேங்க்குக்கு அப்புறம் பிளஸ் 9. இது நியாயமான நம்பர், ஈசிஎம் தானே சமாளிச்சுக்குது. உங்களுக்கு 15, 18-னு காட்டுனா அது எத்தனால் இல்ல, எங்கயோ காத்து லீக்கு இல்ல இன்ஜெக்டர் அடைப்பு, அத மொதல்ல பிடிங்க. 25 கிட்ட போச்சுன்னா பெரும்பாலான வண்டியில செக் எஞ்சின் லைட் எரிஞ்சு, எரிபொருள் பத்தலன்னு சொல்ற பி0171 கோட் வந்துடும்.

ஈ85, ஈ100 போறவங்களுக்குத்தான் நிஜமான கணக்கு இங்க ஆரம்பிக்குது. ஈ85-க்கு லிட்டர் கணக்குல 40 சதவீதம் கூட ஊத்தணும், ஈ100-க்கு 50-க்கும் மேல. இன்ஜெக்டர் ஃபுல் ஆக்சிலரேட்டர்ல எவ்வளவு நேரம் திறந்திருக்குன்னு ஸ்கேனர்ல பாத்துக்குங்க. நூத்துக்கு 60 பங்கு நேரம்னா 1.4-ஆல பெருக்குனா 84, தப்பிச்சோம். 75-ன்னா 105, நூத்துக்கு மேல திறக்க வழியே இல்லையே, பெரிய இன்ஜெக்டர்தான் போடணும். பம்ப்பும் அதே அளவு கூட தள்ளணும், இன்ஜெக்டருங்களுக்கு எரிபொருள் பிரிச்சுக் குடுக்கிற குழாய்ல (ஃபியூல் ரெயில்) பிரஷர் கேஜ் மாட்டி ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பாருங்க, ஏத்தத்துல அழுத்தும்போது முள்ளு இறங்குனா பம்ப்பு பத்தல.

அளவக் கூட்டுறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஈசிஎம்முக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல மாட்டுற பெட்டி, அது திறக்குற நேரத்த நீட்டிவிடும். இன்னொண்ணு ஈசிஎம்ம ரீமேப் பண்றது, அதாவது அதுக்குள்ள இருக்கிற கணக்கயே மாத்தி எழுதுறது. எதுவா இருந்தாலும் எத்தனால் சென்சார் இருக்கிறதா வாங்குங்க, லைன்ல குறுக்க மாட்டுற சின்ன டப்பா அது, உள்ள போற எரிபொருள்ல எத்தன சதவீதம் எத்தனால்னு ஹெர்ட்ஸ் கணக்குல சொல்லும், 50 ஹெர்ட்ஸ்னா பூஜ்யம், 150-ன்னா நூறு, 70-ன்னா இருபது. சென்சார் இல்லாத மலிவு பெட்டியில ஒரு திருகு இருக்கும், நீங்களே திருகி வச்சுக்கணும், இன்னைக்கு ஈ100 நாளைக்கு வழியில ஈ20-ன்னு ஊத்துனா அதுக்கு எப்படித் தெரியும். புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்குற ஆக்சிஜன் சென்சார் பாத்துக்கும்னு சிலர் சொல்றாங்க, மெதுவா ஓட்டும்போது பாத்துக்கும், உண்மைதான். ஆனா காலைல எஞ்சின் சூடாகுற வரைக்கும், அப்புறம் ஃபுல் ஆக்சிலரேட்டர்ல, ஈசிஎம் அந்த சென்சார் பேச்சக் கேக்கவே கேக்காது, அந்த நேரத்துல எரிபொருள் பத்தாம ஓடுனாத்தான் வால்வும் பிஸ்டனும் நெஜமாவே கருகும். டைரக்ட் இன்ஜெக்ஷன், அதாவது சிலிண்டருக்குள்ளயே நேரா பீச்சுற வண்டின்னா இந்தப் பெட்டி விளையாட்டே வேணாம், அந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு எல்லை ரொம்ப கிட்ட இருக்கு.

கார்புரேட்டர் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஸ்கேனரும் இல்ல சென்சாரும் இல்ல, எரிபொருள் போற சின்ன ஓட்டை வச்ச ஜெட்டுதான். ஓட்டையோட பரப்பு 40 சதவீதம் கூடணும்னா விட்டம் 18, 19 சதவீதம் கூடுனா போதும், அதாவது 100-ம் நம்பர் மெயின் ஜெட் இருந்தா 118, 120 பக்கம், ஈ100-க்கு 124, 125. நேரா அங்க தாவாதீங்க, பெரிசுலேர்ந்து ஆரம்பிச்சு சின்னதா இறங்கிட்டு வாங்க, கூட ஊத்துனா புகையும் மைலேஜும்தான் போகும், கம்மியானா எஞ்சின் போகும். ஐடிலிங் ஜெட்டையும் அதே கணக்குல மாத்தணும், பம்ப் டயஃப்ரம், ஃப்ளோட் நீடில் முனை ரெண்டும் ரப்பர், மறந்துடாதீங்க. டிரில் வச்சு ஓட்டையப் பெரிசு பண்ற ஆளுங்ககிட்ட குடுக்காதீங்க, புது ஜெட் வாங்கிக்குங்க. ப்ளக்கப் பாத்து கலர் சொல்ற பழக்கம் இருந்தா அதையும் கொஞ்சம் ஒதுக்கி வைங்க, எத்தனால்ல எல்லாம் சரியா இருந்தாலும் ப்ளக் வெள்ளையாத்தான் இருக்கும், பெட்ரோல் மாதிரி அந்த பிஸ்கட் கலர் வராது. ஜெட் மாத்துன வண்டிக்கு திரும்ப பெட்ரோல் போட முடியாது, அதையும் யோசிச்சுக்குங்க.

டைமிங்க, அதாவது ப்ளக் பொறி விடுற நேரத்த, ரெண்டு மூணு டிகிரி முன்னாடி தள்ளலாம், இழுவ நல்லாவே தெரியும்.

ஸ்டார்ட்டிங் பத்தி. எத்தனால் 13 டிகிரிக்குக் கீழ பத்துற அளவுக்கு ஆவியே ஆகாது. சென்னையில மார்கழியிலயும் இந்தப் பிரச்சன வராது, ஆனா ஊட்டியில டிசம்பர் காலைல ஈ100 போட்ட வண்டி செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரிதான் இறங்கும். பிரேசில்காரங்க இத 1979-லேர்ந்து பாத்துக்கிட்டிருக்காங்க, மொத எத்தனால் கார் அங்கதான் ஃபேக்டரியிலேர்ந்து வந்துச்சு. பானெட்டுக்குள்ள குட்டியா ஒரு பெட்ரோல் டேங்க் வச்சிருந்தாங்க, குளிர் காலைல அதுலேர்ந்து கொஞ்சம் பீச்சி ஸ்டார்ட் பண்றதுக்கு, பின்னாடிதான் எரிபொருள சூடு பண்ற சிஸ்டம் வந்துச்சு. மலைக்குப் போறவங்க முந்தின நாளே கீழ ஈ20 கலந்து ஊத்திட்டு ஏறுங்க, அவ்வளவுதான் வைத்தியம்.

காசுக்கு வருவோம். ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோல்ல இருக்கிற சக்தியில மூணுல ரெண்டு பங்குதான். பிரேசில்ல டிரைவருங்க பங்க்ல நின்னுக்கிட்டே மனசுல ஒரு கணக்கு போடுவாங்க, எத்தனால் விலை பெட்ரோல் விலையில 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தாத்தான் எத்தனால், இல்லன்னா பெட்ரோல். நீங்களும் அதையே போட்டுப் பாருங்க, மாத்துற செலவு அதுக்கு மேல. ஈ20-க்கு பழைய கார்ல 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும்னு 2021-ல நிதி ஆயோக் அறிக்கையிலயே போட்டிருந்தாங்க, என் அனுபவமும் அதுக்குப் பக்கத்துலதான், லிட்டருக்கு 16 ஓடுனது இப்ப 15. மைலேஜ் குறையுது சரி, அதுக்குத் தகுந்தாப்ல விலையும் குறையணும்ல, அதக் கேட்டா பதில் இல்ல.

எல்லாம் மாட்டி முடிச்சதும் எஞ்சின ஓட விட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் காகிதத்தால தொட்டுப் பாருங்க, ஈரம் இருக்கான்னு. 500 கிலோமீட்டர்ல கிளாம்ப்ப ஒரு தடவ டைட் பண்ணுங்க, புது ஹோஸ் உக்காரும். பக்கத்துல பக்கத்துலயே ஓட்டுறவங்களுக்கு ஆயில்ல தண்ணியும் எத்தனாலும் சேரும், ஆயில கொஞ்சம் முன்னாடியே மாத்துங்க. வண்டிய மாசக்கணக்குல நிறுத்துறதா இருந்தா டேங்க்க ஃபுல்லா வச்சு நிறுத்துங்க, காலி இடம் இருந்தா ஈரக்காத்து உள்ள வந்து எத்தனால் அத உறிஞ்சிக்கும். ஈ10-ல 30 லிட்டருக்கு ஒரு டீ கிளாஸ் தண்ணி போனா போதும், எத்தனால் பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு தண்ணியோட அடியில இறங்கிடும். பம்ப்பு உறிஞ்சுறதும் அடியிலதான். கடைசியா, டேங்க் மூடிக்குள்ள ஒரு ரப்பர் ரிங் இருக்கும், அத எல்லாரும் மறந்துடுறாங்க. நானும் எல்லாத்தையும் மாத்திட்டு அத மட்டும் விட்டுட்டேன், வெடிச்சுப் போன அந்த ரிங்கு வழியாத்தான் நவம்பர் மழத் தண்ணி உள்ள இறங்குச்சு, டேங்க்க மறுபடி இறக்குனேன். அந்த ரிங்கோட விலை ஒரு டீ, வடைக்கு ஆகுறதுதான்.